காவல்காரனே கை ஓங்கினால்..?

கல்யாணமாகி இரண்டு, மூன்று வருஷமாகியும் தொட்டில் ஆடவில்லை என்றால் முதலில் யாரை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம்? மருமகளைத்தான்! சேலமானாலும் நாமக்கல்லானாலும் பல வீடுகளில் இதே கதை. 'பையனுக்கென்ன, சிங்கமாட்டம் இருக்கான்' என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அந்தச் சிங்கத்தின் உடம்புக்குள்ளேயே ஒரு சண்டை நடக்கலாம், தெரியுமா?

சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஏற ஏற மதிலுக்குள் மதில். ஆணின் விதைக்குள்ளும் அப்படி ஒரு மதில் உண்டு. செர்டோலி என்ற செல்கள் நெருக்கமாகக் கைகோத்துக் கட்டுவது அது.

எதற்கு இந்தக் காவல்? நம் எதிர்ப்பு செல்கள், 'இது நம்ம ஆளு, இது அந்நியன்' என்று சின்ன வயதிலேயே பாடம் படித்துவிடுகின்றன. விந்தணு உருவாவதோ பருவ வயதில்தான். அதனால் அது அவற்றுக்குப் புதுமுகம்! மதிலுக்கு வெளியே நிற்கும் மேக்ரோபேஜ் செல்களும், சிலவகை டி செல்களும் சண்டை வராமல் பார்த்துக்கொள்கின்றன.

பலமான அடி, தொற்று, ஆபரேஷன் போன்றவற்றால் மதில் உடைந்தால், சிலருக்கு நிலைமை தலைகீழாகிறது. சண்டைக்கார டி செல்கள் உள்ளே புகுந்து விந்தணு உற்பத்தியைக் கெடுக்கின்றன. ஆன்ட்டிபாடிகள் விந்தணுவில் ஒட்டிக்கொண்டு நீந்தவிடாமல் செய்கின்றன. 1953-ல் அமெரிக்காவில் ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் குழுவினர், எதிர்ப்பைத் தூண்டும் மருந்தோடு விதைத் திசுவைக் கினிப்பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டு, விந்தணு உற்பத்தி நின்றுபோவதைக் காட்டினார்கள்.

பொன்னுக்கு வீங்கியா? உஷார்!

தடுப்பூசி போடாத ஆண்களுக்கு, வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்தால், நூற்றில் 15 முதல் 30 பேருக்கு விதையும் வீங்குகிறது. பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அடியோடு மலடாவது அபூர்வம். ஆனால் விந்தணு குறையலாம். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டதோடு இருந்துவிடாதீங்க. பையன் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டான். 'கீழே வலிக்குதாப்பா?' என்று அப்பாதான் கேட்கணும்.

2017-ல் தமிழகத்தில் தொடங்கிய அரசின் எம்.ஆர். ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும்தான். எம்.எம்.ஆர். ஊசி என்றால் பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும். குழந்தை டாக்டரிடம் கேளுங்க.

திடீரென்று விதையில் கடுமையான வலியா? அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கணும். காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீங்க.

குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: விந்துப் பரிசோதனை எளிது. ஊசி, கத்தி எதுவும் கிடையாது. ஆன்ட்டிபாடி இருந்தாலும்கூட ஐ.யு.ஐ., இக்ஸி போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன. மருமகளோடு மகனையும் அதே நாளில் அனுப்பி வையுங்கள். வீண்பழியும் மிச்சம், வருஷங்களும் மிச்சம்!