புள்ளிவிவரத் தாள் கூறும் ஆட்டம்

1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி நகரில், பிலடெல்பியா வாரியர்ஸ் கூடைப்பந்து அணி நியூயார்க் நிக்ஸ் அணியை 169–147 என்று வென்றது. வாரியர்ஸ் வீரர் வில்ட் சேம்பர்லின் தனியொருவராக 100 புள்ளிகள் ஈட்டினார். அவ்வாட்டத்திற்குக் காணொலிப் பதிவு இல்லை. ஆகவே, எழுதிவைத்த புள்ளிவிவரத் தாளே அதன் முதன்மைச் சான்றாகும்.

அத்தாளைப் படிக்கும் முறை எளிது. சேம்பர்லின் ஆட்டப்போக்கில் 63 முறை எறிந்து 36 முறை பந்தைக் கூடையில் இட்டார். அக்காலத்தில் மூன்று புள்ளிக் கோடு இல்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள் வீதம் 72 கிடைத்தன. எதிரணியினர் இழைத்த தவறுகளால் கிடைத்த தனி எறிதல்கள் 32. அவற்றில் 28 வெற்றி பெற, ஒவ்வொன்றும் 1 புள்ளியாகி நூறு நிறைந்தது. அப்பருவம் முழுமையிலும் தனி எறிதல்களில் பத்துக்கு ஆறு அளவே அவருக்குக் கைகூடியது என்பதை நோக்கின், அந்த 28இன் அருமை விளங்கும்.

நூறு என்னும் எண்ணை மட்டும் கண்டால் ஆட்டம் ஒருவருடையதாகத் தோன்றும். அதே தாளில், தோழர்கள் புள்ளி ஈட்டும் வகையில் 20 முறை பந்து வழங்கிய கை ராட்ஜர்ஸின் பெயரும் உள்ளது. எறிந்தவரோடு கொடுத்தவரையும் சேர்த்துப் படிப்பதே புள்ளிவிவரத்தை முறையாகப் படிப்பதாகும்.