உங்களுக்குத் தெரியுமா? ராஸ் தீவின் புள்ளிமான்கள்

அந்தமானில் போர்ட் பிளேயருக்கு எதிரே உள்ள ராஸ் தீவு, 1858 முதல் அங்கே ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கியது. பங்களாக்களும் பூந்தோட்டங்களுமாக இருந்தது. 1941 நிலநடுக்கம் அதைக் குலைத்தது. மறு ஆண்டே ஜப்பானியர் வந்துவிட்டார்கள். 2018 முதல் இது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.

பங்குனி வெயிலில் போய்ப் பாருங்கள். தேவாலயச் சுவரை ஆலமர இனத்து வேர்கள் செங்கல் செங்கலாகப் பற்றியிருக்கும். அடியில் புள்ளிமான்கள் உதிர்ந்த இலையை மேயும், அருகில் போனாலும் மிரளாது. மயில்களும் உண்டு. இரண்டுமே அந்தமானுக்கு அந்நியம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. வேட்டையாடப் புலியோ சிறுத்தையோ இல்லாததால், மான்கள் பல தீவுகளிலும் பெருகி இளமரக்கன்றுகளைத் தின்றுவிடுகின்றன. அழகான மான்தான், ஆனால் காடு மறுபடி தழைக்க முடியாமல் தவிக்கிறது.