பழைய பேனாக்கத்தி

தந்தையார் வைத்துச் சென்ற பேனாக்கத்தி கறள் பிடித்து மேசை லாச்சியிற் கிடக்கின்றதா? வீட்டிலேயே அதனைப் புதுப்பிக்கலாம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: உருக்குக் கத்திக்குக் கறள் பகை, வெப்பமோ அதனினும் பெரும் பகை.

முதலில், அலகு மடியும் பொருத்திலே சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள், இறுக்கம் தளரும். பின்னர் அலகை மரத்துண்டொன்றின்மேற் கிடத்தி, எண்ணெய் தோய்ந்த மென்மையான அரத்தாளால் நீளவாக்கிலே தேயுங்கள். செந்நிறக் கறள் நீங்கினாற் போதும். கருமைப் படலம் இருக்கட்டும். அது உருக்குக்கு ஓரளவு காப்பாகும்.

விரைவை விரும்பிச் சுழலும் சாணைச் சக்கரத்திற் பிடித்தல் தகாது. உருக்கைக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்து, மீண்டும் ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் இளஞ்சூடேற்றியே அலகுக்கு வன்மை தருகின்றனர். இதுவே தோய்ச்சல். சக்கரத்தின் உராய்விலே விளிம்பு நீலம் பாய்ந்தால், வெப்பம் 300 பாகையளவை எட்டிவிட்டது என்பது பொருள். அவ்விடத்திற் கூர் நிலைக்காது.

ஆகவே, நீர் தெளித்த தீட்டுகல்லிலே கையால் மெல்லத் தீட்டுங்கள். ஈரமறத் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். கறளை ஒரு மாலைப்பொழுதில் அகற்றலாம்; இழந்த தோய்ச்சலை வீட்டிலே மீட்டல் எளிதன்று.