பசிக்கு எத்தனை மார்க்?

"நாய்க்குப் பசிக்கிறது." இதைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்? வாலை ஆட்டும், தட்டையே பார்க்கும், முனகும் என்றெல்லாம் சொன்னால் அதற்கு ஏறாது. அதற்கு எண் வேண்டும். பசி எவ்வளவு, எவ்வளவு ஆனதும் எழுந்து போக வேண்டும், எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்று எல்லாவற்றையும் கணக்காகவே சொல்ல வேண்டும்.

கணினி விளையாட்டு எழுதுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 'ரிம்வேர்ல்ட்' என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. கனடாக்காரரான டைனன் சில்வெஸ்டர் உருவாக்கியது. முழு வடிவம் 2018இல் வந்தது. தெரியாத கிரகத்தில் வந்து விழுந்த சிலர் வீடு கட்டி, பயிர் வைத்து, சமைத்துச் சாப்பிட்டுப் பிழைக்க வேண்டும். அதற்கு நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். அதில் சண்டையும் ரத்தமும் நிறைய. அதனால் உங்களை விளையாடச் சொல்லவில்லை. அங்கே வளர்கிற நாய், பூனை, மாடுகளை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

அந்த நாய்க்கு வயிறு கிடையாது, ஒரு கோடுதான் உண்டு. சாப்பிட்டவுடன் கோடு நிரம்பியிருக்கும். நேரம் ஆக ஆகக் குறையும். ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் 'தீனி தேடு' என்ற விதி விழித்துக்கொள்ளும். மாடாக இருந்தால் புல்லை மேயப் போகும். நாய்க்குப் புல்லும் வைக்கோலும் ஆகாது. இறைச்சியோ சமைத்த சாப்பாடோ வேண்டும். எதுவுமே கிடைக்காமல் கோடு காலியானால் உடம்பு இளைத்துக்கொண்டே போகும், கடைசியில் செத்தும் போகும்.

இங்கேதான் புதிதாக ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஆட்களுக்காகச் சமைத்து வைத்த நல்ல சாப்பாட்டை நாய் போய் முடித்துவிடும். அது யாருக்கு வைத்த சாப்பாடு என்ற கேள்வியே அதன் விதிகளில் இல்லை. திட்டியும் பயனில்லை. வரைபடத்தில் ஓர் எல்லை போட்டு, 'இதற்குள்தான் நீ திரியலாம்' என்று வைக்க வேண்டும். இறைச்சியோடு காய்கறியையோ வைக்கோலையோ சேர்த்துத் தனியாக நாய்த்தீனி செய்து போடலாம். வெறும் வைக்கோலைத் தொடாத நாய் இந்தக் கலவையை மட்டும் தின்னும்! பஞ்சம் வந்தால் மனிதர்களும் அதைச் சாப்பிடலாம். ஆனால் அவர்களுடைய மனநிலைக் கோடு சட்டென்று இறங்கிவிடும்.

மனநிலைக்கும் கோடுதான். வளர்ப்பு நாய் வந்து மூக்கால் உரசினால் அது கொஞ்சம் ஏறும். பழக்கியவரோடு ஒட்டிக்கொண்ட நாய் இறந்துவிட்டால் அவருக்கு நாள்கணக்கில் சோகம். நாயைப் பழக்கினால் சாமான் தூக்கி வரும். பூனையிடம் அந்த வேலையெல்லாம் நடக்காது. இந்த ஒரு விஷயத்திலேயே விளையாட்டை எழுதியவருக்குப் பூனையைப் பற்றித் தெரியும் என்று சொல்லிவிடலாம்.

வெறும் எண்ணையும் விதியையும் வைத்து இவ்வளவு செய்ய முடியுமா என்று, தறி ஓடும் ஊரான படவேட்டுப் பிள்ளைகள் கேட்கக் கூடாது. தறிக்கு மேலே ஜக்காடு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் எழும்பாது. ஒரு ஊடை ஓடியதும் அடுத்த அட்டை வரும். அட்டைக்கு மயில் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் முந்தானையில் மயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிரான்சில் ஜக்கார் என்பவர் 1804இல் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான், பின்னாளில் கணக்கு இயந்திரங்களுக்கும் ஓட்டை அட்டையில் கட்டளை கொடுக்கும் யோசனை பிறந்தது.

ஆனால் தறி அட்டை அடுக்கிய வரிசையிலேயே வரும். மயிலுக்கு அடுக்கிய அட்டையிலிருந்து ஒரு நாளும் யானை வராது. விளையாட்டில் அப்படி இல்லை. அங்கே ஒரு விதி போய் இன்னொரு விதியை இடிக்கும். எழுதியவரே நினைக்காதது நடக்கும்.

அமெரிக்காவில் டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். அவர்கள் 2006இல் வெளியிட்ட 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற விளையாட்டைப் பார்த்து ஊக்கம் பெற்றதுதான் ரிம்வேர்ல்டும். 2015 டிசம்பரில் ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸில் மதுக்கடைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் ஊர்ப் பூனைகள் வாந்தி எடுத்துச் சாகத் தொடங்கின. யாரும் விஷம் வைக்கவில்லை, சண்டையும் இல்லை. பிறகு ஏன்?

டார்ன் ஆடம்ஸ் துப்பறிந்தார். கடையில் குடிக்கிறவர்கள் மதுவைத் தரையில் சிந்துகிறார்கள். அது ஒரு விதி. ஈரத்தை மிதித்தால் காலில் ஒட்டும். அது இன்னொரு விதி. பூனை தன் காலை நக்கிச் சுத்தம் செய்யும்; நிஜப் பூனையும் செய்வதுதானே? நக்கினால் ஒட்டியிருப்பது வயிற்றுக்குப் போகும், அதுவும் சரி. கோளாறு அளவில் இருந்தது. பாதத்தில் ஒட்டிய துளியை நக்கினாலும், ஒரு குவளை நிறையக் குடித்ததாக விளையாட்டு கணக்கு வைத்துக்கொண்டது. பூனையின் எடைக்கு அது தாங்குமா? யாருமே எழுதாத 'பூனை குடித்துச் சாகும்' என்ற நிகழ்ச்சி இப்படித்தான் உண்டானது. எனக்குத் தெரிந்து, விதிகளை ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விஞ்ஞானிகள் நோய் பரவுவதையும் மழை வருவதையும் கணினியில் போட்டுப் பார்க்கும்போதும், இந்த மாதிரி அளவுப் பிழைகள் வரலாம்.

சரி, உங்கள் தெரு நாய்க்கு வருவோம். அதற்குள்ளும் பசிக்கோடு மாதிரி ஒன்று உண்டு. வயிறு காலியாகும்போது அங்கிருந்து 'கிரெலின்' என்ற ஹார்மோன் சுரந்து மூளைக்குச் சேதி சொல்கிறது. நாம் போடும் சோறு அதற்குச் செரிக்கவும் செய்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான். நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் கண்டுபிடித்தார்கள். மனிதரோடு சேர்ந்து உண்டு உண்டு வந்த மாற்றம் அது. பூனை அப்படி மாறவில்லை. தயிர்சாதத்தை நக்கினாலும் அதன் உடம்புக்கு இறைச்சிதான் வேண்டும். அதற்கு இனிப்புச் சுவையே தெரியாது.

ஆனால் தெரு நாய் செய்கிற ஒன்றை விளையாட்டு நாய் செய்யாது. மத்தியானம் தறிச்சத்தம் நின்றதும், திண்ணையோரம் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்கும். இன்னும் யாரும் சாப்பிட உட்காரவில்லை, தட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதற்குள் எழுந்து, உடம்பை ஒரு முறை நீட்டி முறித்துவிட்டு, வாசல்படியில் வந்து நிற்கும். தறி நின்றால் அடுத்தது சோறு என்று அதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தானாகச் சேர்த்துக்கொண்டது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் தன் சோதனைக்கூடத்து நாய்களிடம் கண்டதும் இதேதான்: சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய நாய்களுக்கு, பிறகு அந்தச் சத்தத்துக்கே வாயில் எச்சில் ஊறியது. விளையாட்டு நாயின் விதிகளை எழுதியவர்தான் மாற்ற முடியும். உங்கள் தெரு நாய் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது.

இந்த வாரம் ஒரு நோட்டு எடுத்து, உங்களுக்குத் தெரிந்த ஒரு நாயையோ பூனையையோ தூரத்தில் இருந்தே கவனியுங்கள். எப்போது எழுகிறது, எதற்குத் திரும்புகிறது, யாரைக் கண்டால் ஓடி வருகிறது என்று எழுதுங்கள். பிறகு அதை ஐந்து விதிகளாகச் சுருக்கிப் பாருங்கள். மறுநாளே அந்த நாய் அதில் ஒன்றையாவது மீறும், அதையும் எழுதுங்கள். சாப்பாடு கொடுப்பதாக இருந்தால் சாக்லேட்டும் வெங்காயமும் வேண்டாம். இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் விஷம்.