செஞ்சிக் கோட்டையும் வகுப்பறைப் படமும்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பயிலும் மாணவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். "வரலாறா? ஆண்டுகளை உருப்போட வேண்டுமே!" என்று அலுத்துக்கொள்வார். முகலாயர் 1690 முதல் 1698 வரை செஞ்சியை முற்றுகையிட்டனர் என்னும் செய்தி அவருக்கு இரண்டு எண்கள், அவ்வளவே.

அதே பாடத்தைப் படத்துடன் தொடங்குவோம். கரும்பலகையில் மூன்று குன்றுகள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் இணைக்கும் நெடுமதில். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் ஆழமான ஒரு பிளவு, அதன்மேல் மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் என்ன செய்வான்? இப்போது மாணவரே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்!

இதன் காரணம் என்ன? சொல்லும் உருவமும் மனத்தில் தனித்தனித் தடங்களில் பதிகின்றன என்றார் கனடா நாட்டு உளவியலறிஞர் ஆலன் பைவியோ (1971). ஒன்று மறந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். லயனல் ஸ்டாண்டிங் குழுவினர் 1970-இல் 2,560 படங்களைச் சிலருக்குக் காட்டினர். பின்னர் புதிய படங்களோடு சேர்த்துக் காட்டியபோது, அவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 படங்களைச் சரியாக இனங்கண்டனர்.

ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு சொல். 'படித்ததில் 10 விழுக்காடு, பார்த்ததில் 30 விழுக்காடு நினைவில் நிற்கும்' என எட்கர் டேல் பெயரால் ஓர் அட்டவணை உலவுகிறது. 1946-இல் அவர் வெளியிட்ட 'அனுபவக் கூம்பில்' அவ்வெண்கள் இல்லை. பின்னால் எவரோ ஒட்டியவை!

பாடம் பிடித்துப்போவது வேறு, பாடத்தைக் கற்பது வேறு. கேவ்ரியல் சாலமன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே கதையைச் சில சிறுவர் தொலைக்காட்சியில் பார்த்தனர்; மற்றவர் அச்சில் படித்தனர். பார்த்தவர்கள் 'இது எளிது' என எண்ணி மனத்தைக் குறைவாகவே செலுத்தினர். ஊகித்து விடை கூறவேண்டிய வினாக்களில் படித்தவர்களே முந்தினர்.

செஞ்சிக்கே திரும்புவோம். முற்றுகை நீண்டதற்கு மதில் மட்டுமா காரணம்? ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ், கோட்டைக்குள்ளிருந்த ராஜாராமுடன் இரகசியத் தொடர்பு கொண்டார்; தளபதி சுல்பிகர்கான் அவரைச் சிறைப்படுத்தினார். அந்தத் தளபதியே போரை வேண்டுமென்று நீட்டினார் என்ற ஐயமும் உண்டு. இவையெல்லாம் கோட்டைப் படத்தில் தெரியுமா? ஆசிரியர்தாம் படத்தின் அருகிலேயே எழுதிக் காட்டவேண்டும்.

செஞ்சி 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினால் வழியிலேயே இறங்கிப் பார்க்கலாம். தாளும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள். மதிலை நீங்களே வரைந்து, பகைவர் எங்கே கூடாரம் அடித்திருப்பர் என்று குறித்துப் பாருங்கள்.