பரணைக் காலி பண்ணும் ஞாயிற்றுக்கிழமை

இன்னைக்கு பிரான்ஸ் போறோம். ஈஃபில் டவர் பக்கம் இல்ல, கிராமத்துக்கு. குளிர் விட்டதும் அங்கே ஞாயிற்றுக்கிழமைகள்ல ஏதாவது ஒரு ஊர்ல தெருவை அடைச்சு, மேஜை போட்டு, பழைய சாமான் விப்பாங்க. இதுக்குப் பேரு 'வீத் கிரெனியே'. தமிழ்ல சொன்னா, பரணைக் காலி பண்றது.

'புரோகாந்த்'னு இன்னொரு வார்த்தையும் காதுல விழும். போஸ்டர்ல ரெண்டையும் கலந்துதான் போடுறாங்க, ஆனா வித்தியாசம் தெரிஞ்சா பர்ஸுக்கு நல்லது. புரோகாந்த்ல உட்கார்ந்திருக்கிறவங்க பெரும்பாலும் தொழில்முறை வியாபாரிங்க. எது என்ன விலை போகும்னு அவங்களுக்கு அத்துப்படி. வீத் கிரெனியேல விக்கிறது சாதாரண குடும்பங்கள். சட்டமே அப்படித்தான்: ஒரு தனிநபர் தன்னோட சொந்த, பயன்படுத்தின பொருளை மட்டும்தான் விக்கலாம், அதுவும் வருஷத்துக்கு 2 தடவை. சந்தை நடக்கப்போறதை முன்கூட்டியே மேயர் அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும். விக்கிறவங்க பேரும் அடையாள அட்டை விவரமும் ஒரு பதிவேட்டுல ஏறணும். திருட்டுப் பொருள் கைமாறக் கூடாதுங்கிறதுக்காகத்தான் இத்தனை கெடுபிடி.

நடத்துறது பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கமா இருக்கும், இல்ல உள்ளூர் கால்பந்து கிளப். மேஜை போட மீட்டருக்கு இத்தனை யூரோன்னு வாங்குவாங்க. ஓரமா ஃபிரெஞ்ச் ஃபிரைஸும் மெர்கேஸ் சாசேஜும் சுடச்சுட ஓடும். அந்தக் காசுதான் பசங்க டூருக்கோ புது ஜெர்சிக்கோ போகும்.

சீக்கிரம் போகணுமா? நல்ல சரக்கு வேணும்னா, ஆமா. விடியறதுக்கு முன்னாடியே டார்ச் லைட்டோட வியாபாரிங்க வந்து, பெட்டி பிரிக்கும்போதே தலையை உள்ள விடுவாங்க. காலைல இங்க வாங்கின விளக்கு, அடுத்த வாரம் ஒரு புரோகாந்த்ல வேற விலைக்கு நிக்கும். விலை குறையணும்னா மதியத்துக்கு மேல போங்க. திரும்பத் தூக்கிட்டுப் போக யாருக்கும் மனசு வராது.

கரண்டி, ஃபோர்க் கிடைச்சா திருப்பிப் பாருங்க. எட்டு மூலைக் கட்டத்துக்குள்ள ஹெல்மெட் போட்ட ஒரு பெண் தலை இருந்தா, அது மினர்வா. 1838-ல இருந்து பிரான்ஸ்ல நிஜ வெள்ளிக்கு வர்ற முத்திரை. பக்கத்துல 1 இருந்தா ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 இருந்தா 800. சதுர முத்திரை மட்டும் இருந்தா வெறும் வெள்ளி முலாம். டியூராலெக்ஸ் கண்ணாடி டம்ளர் அடியில ஒரு நம்பர் இருக்கும். அது வார்ப்பு அச்சோட நம்பர்தான். ஆனா பிரெஞ்சுப் பசங்க ஸ்கூல் கேன்டீன்ல அதைப் பார்த்து "உனக்கு என்ன வயசு?"ன்னு விளையாடியே வளர்ந்தவங்க. அந்த டம்ளரை எடுத்ததும் விக்கிறவர் சிரிச்சா, காரணம் இதுதான்.

என்னைக் கேட்டா, நின்னு பார்க்க வேண்டியது துணி மேஜை. கனமான லினன் படுக்கை விரிப்புகள், நடுவுல ஒரு தையல். பழைய தறி அகலம் குறைவு, அதனால ரெண்டு துண்டை இணைச்சிருப்பாங்க. ஓரத்துல சிவப்பு நூல்ல ரெண்டு எழுத்து. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணுங்க சீர்த்துணி சேர்த்து, தங்களோட எழுத்தைத் தாங்களே தைப்பாங்க. அதுல பலதும் அலமாரியை விட்டு வெளியவே வந்ததில்ல, மடிப்புல மஞ்சள் கோடு விழுந்திருக்கும். இன்னைக்கு இதைத் துவைச்சு இஸ்திரி போட எந்தப் பேத்திக்கும் நேரம் கிடையாது. அதனால பல நாள் தையல் சில யூரோவுக்குப் போகுது. நகரத்துல இருந்து வர்றவங்க வாங்கிட்டுப் போய் சாயம் ஏத்தி ஜன்னல் திரை ஆக்குறாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, பூச்சி அரிக்கிறதுக்கு இது மேல். ஆனா மேஜைக்குப் பின்னாடி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தா, விலைக்கு முன்னாடி அந்த எழுத்து யாரோடதுன்னு கேளுங்க. அவங்களோடதாவே இருக்கலாம்.

பேரம் பேசலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆனா முதல்ல "போன்ழூர்". வணக்கம் சொல்லாம நேரா "எவ்வளவு?"ன்னு கேட்டா, அங்கே அது மரியாதைக் குறைவு, விலையும் இறங்காது. தன் பொம்மையைத் தானே விக்கிற வாண்டுகிட்ட மட்டும் பேரம் வேண்டாமே, ப்ளீஸ். அப்புறம், சில்லறை எடுத்துட்டுப் போங்க. காலை ஏழு மணிக்கு 50 யூரோ நோட்டை நீட்டினா, பக்கத்து மேஜை வரைக்கும் எல்லாரும் டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பாங்க.