அவன் இல்லையா? அடுப்பு இருக்கே!

மாசக் கடைசி. மெஸ் லீவு. ரூம்மேட்டுக்கு பர்த்டே வேற. ஓசூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கற நீங்க என்ன செய்வீங்க பாஸ்?

பேக்கரிக்கு ஓடாதீங்க. கிருஷ்ணகிரிப் பக்கம் களி, எல்லையைத் தாண்டினா முத்தே... ரெண்டுமே ராகிதான். அதுலயே கேக் போடலாம்!

கனமான பழைய அலுமினிய வாணலியில ரெண்டு கப் கல் உப்பைப் பரப்பி, நடுவுல ஸ்டாண்டு வெச்சு, மூடி போட்டு மிதமான தீயில பத்து நிமிஷம் சூடாக்குங்க. இதுதான் உங்க 'அவன்'. நான்-ஸ்டிக் மட்டும் வேண்டாம்.

ராகி மாவு, கோதுமை மாவு தலா அரை கப், சோடா உப்பு அரை டீஸ்பூன் சலிச்சுக்கோங்க. ராகியில க்ளூட்டன் கிடையாது. கேக் உப்பி நிக்க கோதுமை வேணும். தனியா முக்கால் கப் வெல்லத்தூள், அரை கப் தயிர், கால் கப் எண்ணெய், கொஞ்சம் பால் கலக்குங்க. ரெண்டையும் இட்லி மாவு பதத்துக்குச் சேர்த்து, எண்ணெய் தடவின கிண்ணத்துல ஊத்தி உடனே வாணலிக்குள்ள வெச்சு மூடிடணும். தயிரோட புளிப்பும் சோடாவும் சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு வரும். நீங்க செல்லை நோண்டிட்டு இருந்தா அது காத்தோட போச்சு!

சின்னத் தீயில சுமார் 40 நிமிஷம். குச்சியால குத்தினா மாவு ஒட்டக் கூடாது.

பேக்கரி கேக் மாதிரி பஞ்சா இருக்காதுதான். ஆனா, எடைக்கு எடை பார்த்தா பாலைவிட ரெண்டு மடங்குக்கு மேல கால்சியம் ராகியில இருக்கு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு சிப்காட்லேர்ந்து வர்ற பக்கத்து ரூம் அண்ணனுக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க. அவருக்கும் வீடு தூரம்தானே!